புது சோக் கேபிள் போட்ட பிறகு கரும்புகை, மைலேஜ் குறைவு: கார்புரேட்டர் மாத்தணுமா?

பேச்சிப்பாறை_ரோடு:
150 சிசி கார்புரேட்டர் வண்டி, சோக் லீவர் ஹேண்டில்ல இருக்கு. போன வாரம் சோக் கேபிள் அறுந்து புதுசு போட்டாச்சு. இப்பம் விடியக்காலம் நாலு மணிக்கு, ரப்பர் தோட்டத்து ஈரத்துலயும், சோக் போடாமலே ஒரே கிக்குல எடுக்குது. ஆனா குலசேகரம் வந்து சேருமுன்ன சூடேறி, ஐடிலிங்ல திணறி நிக்குது. கரும்புகை வேற. மைலேஜ் 45ல இருந்து 36. பிளக்கைக் கழட்டினா கரி விரல்ல ஒட்டுது. ஐடிலிங்ல காத்து-பெட்ரோல் அளவை மாத்துற ஏர் ஸ்க்ரூவைத் திருப்பிப் பாத்தும் மாறல. கார்புரேட்டரையே மாத்தச் சொல்றாங்க.

தக்கலை_ஸ்பானர்:
மாத்தாதீங்க அண்ணே. ஆறிக்கிடந்த வண்டி சோக் இல்லாம ஒரே கிக்குல எடுக்குன்னு சொன்னீங்களே, துப்பு அதுலதான் இருக்கு. சோக் முழுசா மூடல.

லீவரை இழுத்தா கேபிள் கார்புரேட்டர்ல ஒரு சின்ன பிளஞ்சரைத் தூக்கும். அது எழும்பினா, ஆறின இன்ஜின் எடுக்குறதுக்காக தனி வழியா கூடுதல் பெட்ரோல் போகும். லீவரை விட்டதும் ஸ்பிரிங் அதைக் கீழே அமுக்கி, அடியில உள்ள ரப்பர் முனை ஓட்டையை அடைக்கணும். கேபிள் விறைப்பா இருந்தா பிளஞ்சர் அரை மில்லிமீட்டர் தூக்கியே நிக்கும். அதுக்கே நாள் முழுக்க பெட்ரோல் ஒழுகும்.

முதல்ல, லீவரை முழுசா மூடிட்டு கேபிள் அவுட்டரை (வெளி உறையை) பிடிச்சு இழுத்துப் பாருங்க, 1 முதல் 2 மி.மீ. ஆட்டம் இருக்கணும். இல்லன்னா அட்ஜஸ்டர் நட்டைத் தளர்த்துங்க. அடுத்து, சூடான வண்டியை ஐடிலிங்ல விட்டு ஹேண்டிலை இடதும் வலதுமா முழுசா திருப்புங்க. சத்தம் மாறினா கேபிள் எங்கயோ இழுபடுது.

பேச்சிப்பாறை_ரோடு:
வலது பக்கம் திருப்பினா சத்தம் இறங்குது. டேங்குக்கு அடியில கேபிளை வயரோட சேத்து டேக் போட்டு இறுக்கியிருக்காங்க. வெட்டிவிட்டதும் ஆட்டம் சரியா இருக்கு. புகை பாதி குறைஞ்சுது, முழுசா போகல.

குளச்சல்_கரை:
அப்போ பிளஞ்சரை வெளிய எடுத்துப் பாருங்க. பெட்ரோல் டேப்பை அடைச்சு, கார்புரேட்டர்ல கேபிள் ஏறுற நட்டைக் கழட்டினா ஸ்பிரிங்கோட வந்துடும். ரப்பர் முனையில நகத்தை வச்சுத் தடவுங்க. வட்டமா பள்ளம் தட்டினா பிளஞ்சரை மாத்தியாகணும், ரப்பரைத் தேய்ச்சுச் சமப்படுத்த முடியாது. அது இறங்குற துளைக்குள்ள வெள்ளையா பூத்திருக்கும், கடற்கரைப் பக்கத்து வண்டிகள்ல இது அதிகம். உப்புத்தாள் போடாதீங்க, கீறினா எப்பவும் கசியும். கார்புரேட்டர் கிளீனர்ல நனைச்ச துணி போதும். கேபிளுக்குள்ள ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க, பிளஞ்சர்ல கிரீஸ் வேண்டாம்.

ரப்பர் நல்லா இருந்தும் புகைஞ்சா ஏர் ஃபில்டரையும், கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் வரத்தை அடைக்கிற மிதவை ஊசியையும் பாக்கணும். மழைக்காலத்துல நனைஞ்ச ஃபில்டரும் இதே கரும்புகையைத் தரும்.

பேச்சிப்பாறை_ரோடு:
ரப்பர்ல பள்ளம் இருக்கு. புது பிளஞ்சர் வாங்கியாச்சு.

தக்கலை_ஸ்பானர்:
நல்லது. ஆனா சோக் கசிஞ்சிட்டு இருக்கும்போது ஸ்க்ரூவைத் திருப்பினீங்களே, அந்த அளவு இப்பம் செல்லாது. பிளக்கைத் துடைச்சு மாட்டி, பத்து நிமிஷம் ஓட்டி சூடாக்குங்க. ஸ்க்ரூவை மெதுவா உள்ளே தட்டுற வரை திருப்புங்க, இறுக்கினா கூர்முனை போயிடும். அங்கேருந்து ஒன்றரைச் சுத்து வெளிய. அப்புறம் கால் கால் சுத்தா மாத்தி, ஐடிலிங் எங்க உச்சத்துல நிக்குதோ அங்க விடுங்க. ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா உள்ளே திருப்பத் திருப்ப பெட்ரோல் விகிதம் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தா நேர்மாறு.

கடைசியா சூட்டோட ஐடிலிங்ல சோக்கை இழுத்துப் பாருங்க. வண்டி திணறினா எல்லாம் சரி. சத்தம் தெளிஞ்சு ஏறினா பெட்ரோல் பத்தல, ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடுற சின்னத் துளையான பைலட் ஜெட் அடைப்பு. ஒண்ணுமே மாறலன்னா சோக் வழியே அடைச்சிருக்கு, காத்தடிச்சு ஊதுங்க, கம்பி விடாதீங்க.

இனி காலையில சோக் போடும்போது ஆக்சிலேட்டரைத் தொடாம கிக் அடிங்க. திருகினா உறிஞ்சுற விசை குறைஞ்சு, சோக் போட்டும் பயன் இருக்காது. நம்ம ஊர் குளிருக்கு 20, 30 விநாடி தாராளம். தோட்டத்துச் சரிவுல இறங்குமுன்ன மூடிடுங்க.