சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் இரண்டு விரல் இடம்

வார்ட்ரோப் வேலையில் இருக்கிறவர்களும், வீட்டில் வார்ட்ரோப் போட்டவர்களும் அவரவர் பார்த்ததை இங்கே எழுதுங்கள். முதலில் நான் எழுதுகிறேன். சொந்த ஊர் கடலூர் பக்கம். வேலை பெரும்பாலும் புதுச்சேரியில்தான்: ஒயிட் டவுன் பழைய வீடுகள், ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஓரத்துப் புது பங்களாக்கள்.

போன மழைக்காலம் முடிந்த கையோடு துய்மா வீதிப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு. பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள், வயதான அம்மா மட்டும் இங்கே. படுக்கையறையில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை வார்ட்ரோப், ஃபேக்டரியிலேயே செய்து கொண்டுவந்து மாட்டியது. வெளியே நின்று பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. பளபளவென்று ஷட்டர், உள்ளே லைட், சத்தமில்லாமல் மூடும் கீல். அம்மா ஒரு ஷட்டரைத் திறந்தார், பூஞ்சை வாடை குப்பென்று அடித்தது. ஒரு பட்டுப் புடவையை எடுத்து விரித்தார். சரிகை கறுத்துப் போயிருந்தது, மடிப்பு ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி.

“கல்யாணப் புடவை தம்பி. முப்பது வருசமா அம்மா வீட்டு மரப்பெட்டியில கிடந்துச்சு, ஒண்ணும் ஆவல. இதுல ரெண்டு மழை தாங்கல” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. வருத்தமாகச் சொன்னார்.

பின்பலகையைக் கழற்றினோம். 6 எம்.எம். பலகை. துணி பக்கம் மட்டும் மைக்கா, சுவர் பக்கம் வெறும் பலகை. அந்தப் பக்கம் முழுக்கக் கரும்புள்ளி படர்ந்து, கை வைத்தால் ஈரம் ஒட்டியது. சுவரோ சுண்ணாம்புக் காரைச் சுவர். ஈரம் வரக்கூடாது என்று அதன்மேல் யாரோ பிளாஸ்டிக் பெயின்ட் அடித்திருந்தார்கள். அது அங்கங்கே கொப்பளித்து நின்றது, தட்டினால் பின்னாலிருந்து காரை பொலபொலவென்று கொட்டியது. ஸ்க்ரூவைக் கழற்ற டிரைவரே தேவைப்படவில்லை. விரலால் பிடித்து இழுத்தேன், ஸ்க்ரூ பிடிக்கச் சுவருக்குள் செருகுகிற ராவல் பிளக்கோடு வந்தது, கூடவே ஒரு பிடி சுண்ணாம்புத் தூள். அந்தப் பிளக்குகளை நம்பித்தான் எட்டடி உயர அலமாரி நின்றுகொண்டிருந்தது. அதன் கீழே அந்த அம்மா தினமும் குனிந்து துணி எடுத்திருக்கிறார். எனக்கு நெஞ்சு பதறியது.

இந்தச் சுவர்களைப் புரிந்துகொள்ளாமல் வேலையில் கை வைக்கக் கூடாது. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்பு வெளியே விட்டு விட்டுத்தான் தன்னைக் காயவைத்துக்கொள்ளும். மேலே பெயின்ட் அடித்து ஒரு தடை, அதற்கு மேல் பலகையைச் சாத்தி இன்னொரு தடை என்றால் அந்த ஈரம் எங்கே போகும்? போதாததற்கு உப்புக் காற்று. கடல் ரெண்டு தெரு தள்ளி இருக்கிற வீட்டில் சுவருக்குள்ளேயே உப்பு இறங்கியிருக்கும், அது காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும்.

முதலில் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்தோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை வைத்துப் பூசி, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் மர வேலையைத் தொடங்கினேன். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால், கீழே சுவரை ஒட்டித் தொங்கிய நூல் மேலே ஒன்றரை அங்குலம் விலகி நின்றது. அந்தக் கட்டடங்களில் இது சகஜம். சுவருக்கு ஏற்ப அலமாரியைச் சாய்க்கக் கூடாது. ரசமட்டம் வைத்து அலமாரியை நேராக நிறுத்திவிட்டு, பக்கத்துச் சந்துக்கு ஒரு பட்டை கொடுக்க வேண்டும். பட்டையைச் சுவரில் வைத்து, சுவரின் மேடு பள்ளத்தைப் பென்சிலால் அப்படியே கோடு இழுத்து, இழைப்புளியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி உட்காரவைக்க வேண்டும். இதற்கே அரை நாள் போகும். பார்க்கிறவர்களுக்கு அந்தப் பட்டை கண்ணில்கூடப் படாது, ஆனால் அங்கேதான் வேலைக்காரன் தெரிவான்.

பாரம் முழுக்கத் தரையில் இறங்கும்படி நாலு அங்குலக் கால் வைத்தோம். பின்பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு விரல் இடம். கீழே ஸ்கர்டிங்கிலும் மேல் பலகையிலும் காற்றோட்டத்துக்கு வரிசையாகத் துளை. கீழே நுழையும் காற்று பின்னால் ஏறி மேலே போய்விடும். பின்பலகை 12 எம்.எம்., ரெண்டு பக்கமும் மைக்கா. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் பலகை வளையும் என்பது தச்சு வேலை தெரிந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத பக்கம்தானே என்று விட்டுவிடுகிறார்கள். அலமாரி முன்னால் சாயாமல் இருக்க மட்டும் செங்கல்லின் நடுவாகப் பார்த்து நீளமான ஆங்கர் போட்டோம். கூரையில் கை வைக்கவே இல்லை. அது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரக்கட்டைகளின் மேல் செங்கல்லை நிற்கவைத்துச் சுண்ணாம்பில் பதித்தது. அதில் எதையும் தொங்கவிடக் கூடாது.

இன்னொன்று. நான் டேப்பை எடுப்பதற்கு முன்னால் பழைய பீரோவைத் திறந்து காட்டச் சொல்வேன். ‘டிசைன் போட்டோ அனுப்பியிருக்கேனே’ என்பார்கள். போட்டோவில் நாலு கோட்டு தொங்கும், கீழே ரெண்டு ஷூ இருக்கும். நம் வீட்டில் அடுக்கடுக்காகப் புடவை, வேட்டி, போர்வை, ஊருக்குப் போகிற பெட்டி. ஹேங்கரே பதினேழு பதினெட்டு அங்குலம் அகலம். அதனால் உள்ளே 22 அங்குல ஆழமாவது இல்லையென்றால் ஷட்டர் துணியைக் கடிக்கும். ஸ்லைடிங் கதவு என்றால் டிராக்குக்கு இன்னும் மூன்று நாலு அங்குலம் சேர்த்துக்கொள்ள வேண்டும். பட்டுக்கு நான் ஹேங்கர் சொல்வதில்லை. ஐந்தாறு அங்குல உயரத்தில் அகலமான டிராயர், பருத்தித் துணியில் சுற்றி ரெண்டு மூன்றுக்கு மேல் அடுக்காமல் வைக்கிற மாதிரி. பாச்சை உருண்டை சரிகையில் படவே கூடாது.

நகையும் பத்திரமும் இருந்தால் வீட்டுக்காரர்களே எடுத்து வைத்துவிட்ட பிறகுதான் உள்ளே போவேன். லாக்கர் எங்கே வைத்தோம் என்பதை எந்த வீட்டைப் பற்றியும் வெளியே பேச மாட்டேன், என்னோடு வேலை செய்கிற பையன்களும் பேச மாட்டார்கள்.

* * *

ரெட்டியார்பாளையத்திலிருந்து ஒரு இல்லத்தரசி:

அண்ணா, நீங்க சொன்ன வாடை எங்க வீட்டிலயும் இருந்துச்சு. எங்களது புது வீடு, சுண்ணாம்புச் சுவரெல்லாம் இல்ல. டிரஸ்ஸிங் ரூமைத் தாண்டித்தான் பாத்ரூம் போகணும்னு பிளான் போட்டிருந்தாங்க. வார்ட்ரோப்புக்கும் பாத்ரூமுக்கும் ஒரே சுவர். வெந்நீரில் குளிச்சிட்டுக் கதவைத் திறந்தா ஆவி மொத்தமும் துணி மேலதான் வரும். அது எங்களுக்கு ரொம்ப நாளா உறைக்கவே இல்ல, பலகைதான் மட்டம்னு பேசிக்கிட்டிருந்தோம்.

வேலைக்கு வந்த பெரியவர் ஒருத்தர் ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டிட்டு ரெண்டு நாள் தொடாதீங்கன்னார். தாளுக்கு உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா சுவரில் ஈரம், வெளிப்பக்கம் நின்னா ரூம் காற்றில் ஈரம்னு சொன்னார். எங்களுக்கு வெளிப்பக்கம். பாத்ரூமுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் பெருசா போட்டு, வார்ட்ரோப்பில் ரெண்டு ஷட்டரை மட்டும் காத்து போக இடைவெளி விட்டுச் சட்டம் வெச்ச கதவா மாத்தினோம். அதுக்கப்புறம் வாடை இல்ல.

பலகை வாங்கும்போது அவர் சொல்லிக்கொடுத்ததையும் எழுதிடறேன். மெரைன் பிளைன்னு வாயால சொன்னா போதாது, பலகை மேல ஐ.எஸ். 710 முத்திரை இருக்கணும். சாதா எம்.ஆர். பலகை, அதாவது ஈரத்தைக் கொஞ்சம் மட்டும் தாங்கறது, ஐ.எஸ். 303-ல வரும். 710-ஐ 72 மணி நேரம் கொதிக்க வெச்சுச் சோதிப்பாங்களாம். எனக்கு மனசு கேக்கல, கடையில் கேட்டு ஒரு துண்டு வாங்கிட்டு வந்து பழைய பாத்திரத்தில் போட்டு ஒரு நாள் கொதிக்க விட்டேன். அது முத்திரை இல்லாத துண்டு. சாயங்காலம் எடுத்தப்ப ஏடு ஏடா பிரிஞ்சு வந்துடுச்சு. இன்னொரு கடை, முத்திரை போட்டது, அப்படியே இருந்துச்சு. என் மாமியார் முதல்ல சத்தம் போட்டாங்க, அப்புறம் அவங்களே நாத்தனார் வீட்டுக்கு போன் போட்டுச் சொன்னாங்க.

* * *

கடலூர், ஓய்வு பெற்றவர்:

தம்பி எழுதியதில் கால் வைத்த அலமாரி என்பதை நான் அடிக்கோடு போட்டுச் சொல்வேன். 2024 நவம்பர் 30-ல் பெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. அடுத்த ரெண்டு மூன்று நாளில் சாத்தனூர் அணை திறப்பு, தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் வீட்டுக்குள் முழங்காலுக்குக் கீழ் வரை தண்ணீர் நின்று வடிந்தது. மகன் அறையில் பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) அலமாரி, தரையோடு ஒட்டி வைத்தது. அடிப்பலகை ஊதிப் பெருத்து ஷட்டரைத் திறக்கவே முடியவில்லை, கடைசியில் உடைத்துத்தான் துணியை எடுத்தோம்.

என் அறையில் பழைய வழக்கப்படி சுவருக்குள்ளேயே கடப்பா கல் தட்டு வைத்த அலமாரி. கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை, கழுவிவிட்டோம். ஆனால் அதையும் நான் முழுதாகச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஐப்பசி கார்த்திகையில் கல் சில்லென்று ஆகிவிடும், பின்னால் ஒட்டி வைத்த சட்டையில் ஈர வாடை பிடிக்கும். இப்போது கல்லின்மேல் மெல்லிய மரச்சட்டம் போட்டு, சுவரை ஒட்டாமல் துணி வைக்கிறோம். மகனுக்குப் புதிதாகச் செய்தபோது ஆறு அங்குல ஸ்டீல் கால் வைக்கச் சொன்னேன். அடியில் விளக்குமாறும் போகிறது, கரையான் மண் ஏறினாலும் உடனே கண்ணில் படுகிறது.

* * *

லாஸ்பேட்டையிலிருந்து, ஃபிட்டர்:

அண்ணே, நான் இந்த வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆவுது. ஈசிஆர்ல ஒரு வில்லா, மாடி ரூமைத் திறந்தா நேரே கடல். நாங்க மாட்டின கீல் ஒரு வருசத்துல துரு ஏறி, வெள்ளை ஷட்டர்ல பழுப்பா ஒழுகி நிக்குது. அந்த வீட்டு சார் ரொம்ப நல்ல மனுசன், திட்டல, ‘என்ன போட்டா நிக்கும்னு கேட்டுட்டு வாங்க’ன்னு மட்டும் சொன்னாரு. ஏழடி ஷட்டர், மூணு கீல்தான் கொடுத்தாங்க. ஷட்டரும் கொஞ்சம் தொங்குது.

* * *

முதலில் எழுதியவன் பதில்:

தம்பி, ஏழடி ஷட்டருக்கு நாலு கீல் வேணும். கண்ணாடி வெச்ச ஷட்டர்னா பாரத்தைப் பார்த்து ஐந்து. முதலில் கீல்ல இருக்கிற அட்ஜஸ்ட் ஸ்க்ரூவை வெச்சு நேர் பண்ணிப் பாக்காத, நாலாவது கீலைப் போட்டுட்டு அப்புறம் நேர் பண்ணு. துருவுக்கு நிக்கல் பூசின சாதா கீலைத் திரும்பப் போடாத. ஸ்டெயின்லெஸ் கீல் கேளு, அதுவும் 304 கிரேடு. 202-ம் ஸ்டெயின்லெஸ்தான்னு கடையில கொடுப்பாங்க, கடல் காத்துல அது நிக்காது. கீலை மட்டும் மாத்திட்டுப் பழைய இரும்பு ஸ்க்ரூவையே போட்டா அந்த ஸ்க்ரூ தலையிலிருந்து மறுபடி ஒழுகும், ஸ்க்ரூவும் 304-ஆ இருக்கணும். பழைய ஓட்டை பெருத்திருந்தா மரச்சிம்பை ஃபெவிகால்ல தோய்ச்சு அடைச்சு, காஞ்ச பிறகு போடு.

ரெட்டியார்பாளையத்து அம்மா சொன்ன பிளாஸ்டிக் தாள் சோதனை அருமையானது, கோட்டேஷன் கொடுப்பதற்கு முன்னாலேயே செய்து பாருங்கள். கடலூர்ப் பெரியவர் சொன்ன ஆறு அங்குலக் கால் அந்தப் பக்கத்துக்குச் சரி. ஒயிட் டவுனிலும் இனி அதையே கேட்டுப் பார்க்கிறேன். இன்னும் யாராவது மாடித் தளத்தில், ஏசி ராத்திரி பகல் ஓடுகிற அறையில் வார்ட்ரோப் போட்டிருந்தால் எழுதுங்கள். ஏசியை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறக்கும்போது கண்ணாடி ஷட்டரில் நீர் பூத்துக்கொள்கிறது. அதற்கு என்ன செய்தீர்கள் என்று தெரிந்தால் எனக்கும் உதவும், தீபாவளிக்குள் அப்படி ஒரு வீட்டு வேலை முடிக்க வேண்டியிருக்கிறது.