கலவர நாளில் எங்கே மாட்டிக்கொண்டீர்கள்? கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்கள் சொல்லுங்கள்

நடராஜா சர்வீஸ் (ஓசூர்):

நேற்று இரவு டிவியில் எங்கோ ஒரு நகரத்தில் கடைகளை உடைத்து, கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடுவதைக் காட்டினார்கள். எங்கள் குடியிருப்பில் கீழே உட்கார்ந்திருந்த நாலு பெரியவர்களும் "சுட்டுத் தள்ளணும், வேற வழியே கிடையாது" என்றார்கள். நால்வரில் ஒருவர் 2016இல் என்னோடு நடந்து வந்தவர். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை "தண்ணி".

2016 செப்டம்பர் 12, திங்கட்கிழமை. மறுநாள் பக்ரீத் விடுமுறை என்பதால் காவேரிப்பட்டணத்துக்கு அம்மாவைப் பார்க்கப் போகலாம் என்று பையோடு வேலைக்கு வந்திருந்தேன். பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. ஒரு வாரம் முன்பு, 5ஆம் தேதி, பத்து நாளைக்கு 15,000 கன அடி வீதம் காவிரியில் திறக்கச் சொல்லியிருந்தது உச்ச நீதிமன்றம். 12ஆம் தேதி அதை 12,000 ஆகக் குறைத்தது, ஆனால் 20 வரை நீட்டித்தது. குறைத்தது யார் காதிலும் விழவில்லை, நீட்டித்தது மட்டும் விழுந்தது. காலையிலிருந்தே சென்னையில் ஒரு ஓட்டலைத் தாக்கிவிட்டார்கள், ராமேஸ்வரத்தில் கர்நாடக வண்டிக்காரரை அடித்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது.

மதியம் எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். எப்படிப் போவது என்று யாரும் சொல்லவில்லை. எங்களை ஏற்றி வரும் வேன் டிஎன் 70. டிரைவர் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "நான் நாளைக்கும் உயிரோட இருக்கணும் சார்" என்றார். அதில் என்ன தப்பு? ஏழெட்டுப் பேர் நடக்க ஆரம்பித்தோம். பொம்மசந்திரா, சந்தாபுரா, அத்திப்பள்ளி. சாலையில் டயர் எரிந்துகொண்டிருந்தது. ஒரு இடத்தில் லாரி நம்பர் பிளேட்டில் சேற்றை அப்பி வைத்திருந்தார்கள்.

எல்லாரும் போனை சைலண்டில் போட்டோம். என்னுடைய ரிங்டோன் தமிழ்ப் பாட்டு. அப்படியும் அம்மா விடாமல் கூப்பிட, ஒரு கூட்டத்தைத் தாண்டும்போது எடுத்துவிட்டேன். தமிழில் பேச பயம். கன்னடம் சரளமாக வராது. ஓசூரில் இருந்து பழகிய தெலுங்கில், "பாகுன்னானு, வஸ்துன்னானு" என்றேன். அம்மாவுக்குத் தெலுங்கு ஒரு சொல் தெரியாது. "யாருங்க பேசறது? எம் பையன் போனு உங்ககிட்ட எப்படி வந்துச்சு?" என்று அலறிவிட்டுக் கட் பண்ணிவிட்டார். அடுத்த இரண்டு மணி நேரம் அங்கே என்ன நடந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

சந்தாபுராவில் ஒரு வீட்டு வாசலில் நின்ற அம்மா எங்களைப் பார்த்து, "ஒளகே பன்னி, பன்னி" என்று கையாட்டினார். எங்களோடு வந்த அரூர்ப் பையன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான். "என்னண்ணா, வீட்டு வாசல்ல நின்னு பன்னிங்கறாங்க" என்று முகம் சுருங்கிப் போனான். உள்ளே வாங்க என்கிறார்கள் என்று சொன்னதும் எல்லாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அது ஒன்றுதான் சிரிப்பு. மோர் கொடுத்தார். கேட்டை மூடிவிட்டு, கூட்டம் அந்தப் பக்கம் போனதும் தெருவை எட்டிப் பார்த்து எங்களை வெளியே விட்டார்.

அத்திப்பள்ளியில் கர்நாடக போலீஸ் தடுப்பு. அதைத் தாண்டி நடந்தால் ஜூஜூவாடியில் நம் போலீஸ். ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு டவுன் பஸ் விட்டிருந்தார்கள். நாயண்டஹள்ளி பக்கம் கே.பி.என். பணிமனையில் நாற்பதுக்கும் மேற்பட்ட பஸ்கள் எரிந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். 144 தடை, 16 காவல் நிலைய எல்லையில் ஊரடங்கு, துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் பலி, எல்லாம் அதற்குப் பிறகு.

பெரியவர்கள் "சுடணும்" என்றபோது, எந்த இடத்தில், யாரை என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. நீங்கள் சொல்லுங்கள். எங்கே மாட்டினீர்கள், அரசாங்கம் எப்போது வந்தது?

சிப்காட் சிவா:

ஜூஜூவாடியில் இறங்கியவர்களிடம் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ 300 ரூபாய் கேட்டார்கள். தண்ணீர் பாட்டில் 50. கொள்ளை அந்தப் பக்கம் மட்டும் நடந்தது என்று எழுதாதீர்கள்.

ராயக்கோட்டை தக்காளி:

நான் நடக்கவில்லை, உட்கார்ந்திருந்தேன். ஓசூர் பைபாஸில் இரண்டு நாள், வண்டி நிறைய தக்காளியோடு. பெங்களூர் மார்க்கெட்டுக்குப் போகவேண்டிய லோடு. முதல் நாள் மாலை அடிப்பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. மூன்றாம் நாள் எல்லையில் வைத்துக் கர்நாடக வண்டிக்கு மாற்றி ஏற்றினோம். அந்த டிரைவரும் பயந்துதான் வந்திருந்தார், இந்தப் பக்கம் நம் ஆட்கள் அவர் கண்ணாடியை உடைத்துவிடுவார்கள் என்று. இரண்டு பேரும் ஒரே பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நின்றோம். பெட்டிக்கு என்ன விலை கிடைத்தது என்று கேட்காதீர்கள்.

வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், பிறகு யாரும் சொல்லவில்லையே என்னாதீர்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் போட்டிருந்தால், கலவரத்தில் எரிந்த உங்கள் வண்டிக்கு ஒரு பைசா வராது. முழுக் காப்பீட்டில் கலவரமும் சேரும், ஆனால் எஃப்ஐஆர் நகல் கேட்பார்கள். எரிந்தது அந்த மாநிலம் என்பதால் வழக்கு அங்கேதான் போகும். எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த நகலுக்காக ஐந்து முறை போய் வந்தார். ஐந்து முறையும் பஸ்ஸில். ஏனென்றால் வண்டி எரிந்துவிட்டது. உள்ளே இருந்த சரக்கு தனிக் கதை, அதற்கு வேறு பாலிசி வேண்டும்.

கேஏ 51:

நான் தேன்கனிக்கோட்டைக்காரன், கார் மட்டும் கர்நாடகப் பதிவு. 12ஆம் தேதி பெங்களூரில் அந்த நம்பர் என்னைக் காப்பாற்றியது, கூட்டத்துக்கு நடுவிலேயே வழி விட்டார்கள். 16ஆம் தேதி தமிழ்நாட்டில் முழு அடைப்பு. அவசரமாகக் கிருஷ்ணகிரிக்குப் போக வேண்டியிருந்தது. வழியில் பத்துப் பையன்கள் நிறுத்தி "தமிழா? பேசிக் காட்டு" என்றார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் எங்கள் குலதெய்வம் பேர், கோயில் இருக்கும் இடம் எல்லாம் சொன்னேன். ஒருவன் "சரிண்ணா, போங்க" என்றான். நாலே நாளில் அதே நம்பர் பிளேட் என்னைக் காப்பாற்றவும் செய்தது, மாட்டிவிடவும் செய்தது.

பர்கூர் மகன்:

அம்மா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இது 1991 டிசம்பர். அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை, எல்லாம் தர்மபுரிதான். (2004இல் பிரிந்தது.) காவிரி நடுவர் மன்றம் 205 டி.எம்.சி. விடச் சொன்ன இடைக்கால உத்தரவு டிசம்பர் 11 அன்று அரசிதழில் வந்தது. அடுத்த இரண்டு நாளில் பெங்களூர் பற்றிக்கொண்டது. பங்காரப்பா முதல்வர்.

அம்மாவும் அப்பாவும் ஸ்ரீராமபுரம் பக்கம் கட்டட வேலை செய்துகொண்டு ஒரு ஓட்டு வீட்டில் இருந்தார்கள். நான் கைக்குழந்தை. ராத்திரி கதவைத் தட்டி "கிளம்புங்க" என்று சொன்னவர் வீட்டுக்கார கவுடா. அவரே ஒரு டெம்போவின் பின்னால் ஏற்றிவிட்டார். ஓசூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். சோறு போட்டார்கள், போர்வை கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல மாட்டேன் என்கிறார் அம்மா. பெயர், ரேஷன் கார்டு எண் எழுதிக்கொண்டார்கள். ரேஷன் கார்டு பெங்களூரில் இருந்தது என்பதுதான் சிக்கல். கார்டு இல்லாதவர்கள் வரிசை தனி. அந்த வரிசைதான் நீளம்.

மாசி மாதம் திரும்பிப் போனார்கள். வேலை அங்கேதானே இருக்கிறது? வீடு எரியவில்லை, ஆனால் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. தையல் மிஷின் இல்லை, டிரங்குப் பெட்டி இல்லை, கல்யாணத்துக்குப் பாட்டி கொடுத்த பித்தளைக் குடம் இல்லை. கன்னடக்காரர்கள் எடுத்துப்போய்விட்டார்கள் என்று தெருவே பேசியது, அம்மாவும் அப்படித்தான் நினைத்தார்.

ஒரு வாரம் கழித்துக் குழாயடியில் அந்தக் குடத்தைப் பார்த்தார். கழுத்தில் பெயர் வெட்டியது, அதனால் சந்தேகமே இல்லை. வைத்திருந்தவர் அடுத்த தெருக்காரர். வேலூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். ஊருக்குப் போகாமல் தைரியமாக இருந்துவிட்டார்கள் என்று எல்லாரும் அவர்களை மெச்சிக்கொண்டிருந்த நேரம். அம்மா தன் பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். ஏன் கேட்கவில்லை என்று நான் நூறு முறை கேட்டிருக்கிறேன். "அவ எம் முகத்தைப் பாக்கல. அதுக்கு மேல என்னத்தக் கேக்கறது" என்பார்.

கறார் பேர்வழி:

உருக்கமெல்லாம் சரி. முதல் டயர் எரியும்போதே சுட்டிருந்தால் மற்ற எதுவும் நடந்திருக்காது.

இலக்கியம்பட்டி:

கறார் பேர்வழி அண்ணா, 2000 பிப்ரவரி 2 எங்கள் ஊரில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். கொடைக்கானல் ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று தீர்ப்பு வந்த நாள். (அந்த வழக்கில் பிறகு மேல்முறையீட்டில் விடுதலையானார்.) நான் பிளஸ் ஒன். மதியமே கடைகளை அடைத்துக்கொண்டிருந்தார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் சுற்றுலா வந்த பஸ்ஸுக்குக் கட்சிக்காரர்கள் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் எரிந்து இறந்தார்கள். எங்கள் வீட்டு மாடியிலிருந்து புகை தெரிந்தது. டயர் எரிகிறது என்றுதான் நினைத்தோம். "மறியல் பண்றாங்க போல" என்று சொல்லிவிட்டு நான் படிக்க உட்கார்ந்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை.

2007இல் தீ வைத்தவர்களில் மூன்று பேருக்குத் தூக்கு என்று சேலம் நீதிமன்றம் சொன்னது. 2010இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது, 2016இல் அதே நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது, 2018 நவம்பரில் அரசு விடுதலை செய்தது. அன்று சாயங்காலம் டீக்கடையில் பாதிப் பேர் "பதினெட்டு வருஷம் போதும்பா" என்றார்கள். பெங்களூர்க் கலவரக்காரர்களைச் சுடச் சொன்ன அதே ஆட்கள். மீதிப் பாதி டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனது. நான் முழு டீயும் குடித்தேன், எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை.

சென்ட்ரிங் மேஸ்திரி:

எல்லாரும் பேசுகிறீர்கள், நத்தம் பேரை ஒருத்தரும் எடுக்கவில்லை. 2012 நவம்பர் 7. தர்மபுரி பக்கத்துத் தலித் குடியிருப்புகள் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. 250க்கும் மேற்பட்ட வீடுகளைச் சாதிக் கூட்டம் எரித்தது. என்னோடு பெங்களூரில் சென்ட்ரிங் வேலை பார்த்தவருக்கு அங்கே வீடு. காவிரிக் கலவரத்தில் கன்னடக்காரனுக்குப் பயந்து ஓடி வந்து, பிறகு அங்கேயே போய்ச் சம்பாதித்துக் கட்டிய வீடு. முதலில் பீரோவை உடைத்து நகையையும் பணத்தையும் எடுத்தார்கள், பிறகுதான் தீ வைத்தார்கள் என்பார். "கோவத்துல வந்தவன் பீரோ சாவியத் தேடுவானா மேஸ்திரி?" என்று கேட்டார். நம்பர் பிளேட் வைத்து அல்ல, தெருவை வைத்து அடையாளம் பார்த்தார்கள். இதற்கு மேல் எழுதினால் சண்டை வரும்.

சூளகிரி அக்கா:

2023 பிப்ரவரி 2, கோபசந்திரம். எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானது என்று பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்துவிட்டார்கள். தங்கச்சி வளைகாப்புக்கு வளையலும் ஏழு வகைச் சோறும் எடுத்துக்கொண்டு கவர்மென்ட் பஸ்ஸில் இருந்தேன். மணிக்கணக்காக நகரவில்லை. கல் விழ ஆரம்பித்ததும் கண்டக்டர், "குனிங்க, குனிங்க, டிக்கெட் இல்லாதவங்களும் குனிங்க" என்று கத்தினார். அந்த நிலையிலும் அப்படி ஒரு ஆள். பக்கத்து சீட்டுப் பாட்டியின் மேல் கண்ணாடித் தூள். போலீஸ் தடியடி நடத்தியபோது பஸ்ஸுக்குள் சிலர் கை தட்டினார்கள், உண்மையைச் சொன்னால் நானும் தட்டினேன். புளிச்சோற்று அடுக்கு மட்டும் பிழைத்தது.

மறுநாள் காலை, வீடியோ பார்த்துப் பிடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. என் பெரியப்பா பேரனையும் கூட்டிப்போய்விட்டார்கள். "நான் வேடிக்கைதான் பாத்தேன், வீடியோ எடுத்தேன்" என்றான். அவன் கல் எறிந்தானா, எனக்குத் தெரியாது. ஸ்டேஷன் வாசலில் அண்ணியோடு மாலை வரை நின்றேன். முந்தின நாள் கை தட்டிய கையில் அவனுக்கு வாங்கிய பன்னும் டீயும்.

கறார் பேர்வழி:

வேடிக்கை பார்த்தவன் எல்லாம் பிறகு அப்படித்தான் சொல்வான். ஆனால் அக்கா, பையனை விட்டார்களா?

சூளகிரி அக்கா:

விட்டார்கள். வழக்கு இருக்கிறது. வாய்தாவுக்கு அண்ணிதான் கூடப் போகிறார்.

நடராஜா சர்வீஸ் (ஓசூர்):

பர்கூர் மகன், அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். எங்கள் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டினேன். குடத்தில் என்ன பெயர் வெட்டியிருந்தது என்று கேட்கச் சொல்கிறார்.

பர்கூர் மகன்:

பாட்டி பெயர்தானாம். முத்தம்மா என்று வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். இடம் போதாமல் "முத்தம்" என்பதோடு நிறுத்திவிட்டாராம் பாத்திரக்கடைக்காரர்.