யூபிளாக் இயக்கியபின் டிஎஸ்சி இணைப்புத் தடைபடுகிறது, பிரிண்டரும் முடங்குகிறது

கணக்காளர்:
வணக்கம். எங்கள் வரி ஆலோசனை அலுவலகத்தில் விண்டோஸ் 11 இயங்கும் ஐந்து கணினிகளும் பொதுவான ஒரு நெட்வொர்க் பிரிண்டரும் உள்ளன. போலி டவுன்லோட் விளம்பரங்களை ஊழியர்கள் தவறி அழுத்திவிடக் கூடாது என்பதற்காக ஃபயர்ஃபாக்சில் யூபிளாக் ஆரிஜின் என்னும் விளம்பரத் தடுப்பானை நிறுவி, அதன் கூடுதல் தடுப்புப் பட்டியல்களையும் இயக்கினோம்; ஆன்டிவைரஸில் நெட்வொர்க் தாக்குதல் தடுப்பையும் இயக்கினோம். அதன்பின் ஜிஎஸ்டி தளத்தில் டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்) கொண்டு கையொப்பமிட முயன்றால், அதற்கான எம்சைனர் நிரலுடன் இணைப்புக் கிடைப்பதில்லை. பிரிண்டரின் முகவரியிலிருந்து போர்ட் ஸ்கேன் (கணினியில் திறந்திருக்கும் இணைப்பு வாயில்களைத் தேடுதல்) நடப்பதாக எச்சரிக்கை வந்து, அச்சிடுவதும் நின்றுவிடுகிறது. பாதுகாப்பை நிறுத்தாமல் சரிசெய்ய வழி உண்டா?

வலைக்காவலன்:
முதல் சிக்கலுக்குக் காரணம் விளம்பரப் பட்டியல் அன்று என்று கருதுகிறேன். வெளித்தளங்கள் நம் உள் நெட்வொர்க்கை அணுகாமல் தடுக்கும் பட்டியல் ஒன்று யூபிளாக்கின் தனியுரிமைப் பிரிவில் இருக்கிறது. எம்சைனரோ உங்கள் கணினியிலேயே இயங்கி, அக்கணினியையே குறிக்கும் 127.0.0.1 என்னும் முகவரியில் பிரவுசரின் அழைப்புக்குக் காத்திருக்கும் நிரல். ஆகவே ஜிஎஸ்டி தளம் அதை அழைக்கும்போது, வெளியாள் உள்ளே நுழைவதாகவே அந்தப் பட்டியல் கொள்ளும். அதற்காகப் பட்டியலையே நீக்கிவிடாதீர்கள். இபே தளம் தன் பார்வையாளர்களின் கணினிகளில் தொலைநிலை அணுகலுக்கான போர்ட்டுகள் திறந்திருக்கின்றனவா என்று பிரவுசர் வழியாகவே சோதித்தது 2020 மே மாதத்தில் தெரியவந்தது. அத்தகைய வேவுக்கு எதிரானது இப்பட்டியல். ஜிஎஸ்டி தளத்தைத் திறந்து யூபிளாக்கின் பவர் பொத்தானை அழுத்தினால், அத்தளத்துக்கு மட்டும் விலக்குக் கிடைக்கும்.

தென்பொருநை:
பிரிண்டர்கள் தம்மை அறிவிக்கவும் பிற கருவிகளைத் தேடவும் அனுப்பும் செய்திகளைச் சில மென்பொருள்கள் ஸ்கேன் என்று கணித்துவிடுவது உண்டு. ஆயினும் பிரிண்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, அதன் அட்மின் கடவுச்சொல்லை மாற்றிய பிறகே விலக்கு அளியுங்கள். 2016-இல் மிராய் என்னும் தீநிரல் கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் பரவியது, மாற்றப்படாத தொழிற்சாலைக் கடவுச்சொற்களைக் கொண்டுதான். பின்னர் கருவிகளுக்கு முகவரி வழங்கும் ரவுட்டரின் டிஎச்சிபி பகுதியில் பிரிண்டருக்கு நிலையான முகவரி ஒதுக்கி, ஆன்டிவைரஸில் அந்த ஒரு முகவரியை மட்டும் விலக்குங்கள். அலுவலக நெட்வொர்க் முழுவதையும் நம்பகமானது என்று குறித்துவிடுவது எளிது. ஆனால் 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை தீநிரல் ஒரு கணினியில் நுழைந்தபின், கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி பயன்படுத்தும் 445 போர்ட் வழியாக உள் நெட்வொர்க்கிலேயே பரவியது. மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தும், நிறுவாதவர்கள் பாதிக்கப்பட்டார்கள். உங்களிடம் இருப்பவை வாடிக்கையாளர்களின் நிதி ஆவணங்கள் என்பதால் இதை வலியுறுத்திச் சொல்கிறேன்.

கணக்காளர்:
இருவருக்கும் மிக்க நன்றி. கையொப்பமும் அச்சும் இப்போது சீராக நடைபெறுகின்றன. ஊழியர்களின் கைபேசிகளும் இதே வைஃபையில் இருக்கின்றன. அவற்றிலும் விளம்பரங்களைத் தடுக்க ரவுட்டரின் டிஎன்எஸ்ஸை (தளப் பெயர்களுக்கு உரிய முகவரிகளைத் தேடித் தரும் சேவையை) மாற்றினால் போதுமா?

வலைக்காவலன்:
விளம்பரத் தடுப்புச் சேவையான ஆட்கார்டின் டிஎன்எஸ் முகவரிகள் 94.140.14.14, 94.140.15.15 ஆகியவற்றை இட்டால் பெரும்பாலான விளம்பரங்கள் குறையும். யூடியூப் விளம்பரங்கள் காணொளி வரும் அதே டொமைன்களிலிருந்து வருவதால் டிஎன்எஸ் வழியில் அவற்றைப் பிரித்துத் தடுக்க இயலாது. கைபேசியில் தனி டிஎன்எஸ் அமைத்திருந்தாலும் ரவுட்டரின் அமைப்பு பயன்படாது. அதைவிட முதன்மையானது, அந்தக் கைபேசிகளைக் கெஸ்ட் வைஃபைக்கு மாற்றி, கணக்குக் கணினிகளை அவை அணுகாதபடி ரவுட்டரில் பிரித்துவைப்பது. அதை இன்றே செய்துவிடுங்கள்.