‘எல்லாம்’ என்பதன் நிரப்பு எது? மகளுக்கு விளக்க உதவுங்கள்

வணக்கம். நாங்கள் மன்னார்குடிப் பக்கம். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நிகழ்தகவில் நிரப்பு நிகழ்ச்சி (ஒரு நிகழ்ச்சி நடக்காமல் போவது) என்ற இடத்திலேயே நான்கு நாட்களாக நிற்கிறாள். பகடையில் 6 விழாமலிருக்க 5/6 என்று பட்டென்று சொல்லிவிடுகிறாள். ‘எல்லாம்’, ‘குறைந்தது ஒன்று’ என்று வந்தால்தான் தடுமாற்றம்.

நேற்று குறுவைக்கு முளைகட்டிய சாக்கிலிருந்து மூன்று நெல்மணிகளை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். இரண்டில் வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. ஒன்று அப்படியே கிடந்தது. ஒவ்வொரு மணியும் தனித்தனியே முளைக்க 0.8 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் முளைக்க 0.512. இதன் நிரப்பு என்ன என்றேன். “மூன்றும் முளைக்காதது, 0.008” என்கிறாள். கூட்டினால் 1 வரவேண்டுமே, 0.52தானே வருகிறது? சில முளைத்து, சில முளைக்காத அந்த மீதி 0.48 அவள் கையிலேயே இருந்தது! ‘ஒன்றாவது முளைக்காதது, 0.488’ என்பதுதான் விடை என்று சொன்னேன். தலையாட்டினாள், அடுத்த கணக்கில் மறுபடி அதே பிழை.

மூன்று மணிகளும் முளைப்பது, முளைக்காதது என வரும் எட்டு விளைவுகளையும் பிழையின்றி எழுதுகிறாள். சொற்களில்தான் சிக்கல். கணக்கு ஆசிரியர்களே, பெற்றோர்களே, இதை எப்படிப் புரியவைத்தீர்கள்? படமா, வேறு பயிற்சியா? திங்கட்கிழமை தேர்வு. அதற்குள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.