நாளைக்குப் படகு வருதா?

குழு: வடக்குத்தெரு வீடு
வியாழன் இரவு

குட்டி: பணம் கட்டியாச்சு. படகு பரங்கிப்பேட்டையில் கட்டிக் கிடக்கு. நாளைக்குக் கொடியம்பாளையம் கொண்டுவரணும். யார் வர்றீங்க?

குட்டி: (படம்)

செல்வி அத்தை: நீலம்னு சொன்னே?

குட்டி: நீலம்தான் அத்தை. விளக்கு வெளிச்சத்தில் அப்படித் தெரியுது

முருகன் சித்தப்பா: லாரி

குட்டி: 9,000 கேட்கிறான்

முருகன் சித்தப்பா: அப்போ கடல். வெள்ளாத்துல வெளியே போய்க் கொள்ளிடத்துல உள்ளே வா

பெரியப்பா: கடல் வேண்டாம் குட்டி. கொள்ளிட முகத்துவாரத்தில் மணல்திட்டு எங்கே கிடக்கிறது என்று போன வாரம் போனவனுக்கே இந்த வாரம் தெரியாது. அலை அதன்மேல்தான் மடங்கும். உனக்குக் கை பழகாத படகு. பதிவும் இன்னும் உன் பேருக்கு மாறவில்லை. உள்ளாகவே வா. வெள்ளாற்றிலிருந்து முடசல் ஓடை, பிச்சாவரம் காட்டுக்குக் கிழக்கே சின்னவாய்க்கால், அப்புறம் தெற்கே இறங்கினால் கொள்ளிடம். இப்படிக்கு பெரியப்பா.

முருகன் சித்தப்பா: பேர் மேலேயே வருதுண்ணே, கையெழுத்து வேணாம்

செல்வி அத்தை: கிள்ளை வழியா வந்தா நண்டு வாங்கிட்டு வா. ரெண்டு கிலோ

கவிதா: போன தடவை வாங்கினது பாதி செத்தது

செல்வி அத்தை: அதை வாங்கினது உன் வீட்டுக்காரர்

பெரியப்பா: நேரம் முக்கியம். நேற்று அமாவாசை. அமாவாசையன்று நம் பக்கம் காலை எட்டரை, ஒன்பதுக்குத் தண்ணீர் நிறையும். நாளுக்கு முக்கால் மணி, ஐம்பது நிமிஷம் தள்ளும். அப்படியானால் நாளைக்குப் பத்து, பத்தரை. நிறையட்டும் என்று காத்திருக்காதே, ஏழுக்கே கிளம்பு. ஏறுகிற தண்ணீரில் தரை தட்டினால் கொஞ்ச நேரத்தில் அதுவே தூக்கிவிடும். வற்றும்போது தட்டினால் சாயங்காலம் வரை கொசுக்கடிதான். இப்படிக்கு பெரியப்பா.

செல்வி அத்தை: வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 ராகுகாலம்

குட்டி: ஏழு மணிக்குத்தானே கிளம்புறேன்

செல்வி அத்தை: கரைக்கு வர்றது? தேங்காய் உடைக்கிறது?

முருகன் சித்தப்பா: 12 மணி வரைக்கும் காட்டுக்குள்ளேயே சுத்து

கவிதா: 😂 டூரிஸ்ட் ஏத்திக்கோ

பெரியப்பா: படகுக்கு அம்மா பேரை வை.

முருகன் சித்தப்பா: சுனாமிக்கு அப்புறம் 2005ல வந்த படகுக்கும் அம்மா பேர்தான் வச்சோம். பதிவுப் புத்தகம் யார் பேர்ல இருந்தது?

கவிதா: ஆரம்பிச்சாச்சு

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி அத்தை: படிச்சுட்டேன் அண்ணே

குட்டி: பேரைப் பெயின்டர் கிட்ட அப்புறம் சொல்லிக்கலாம். வழியில் எங்கே ஆழம் இல்லை, அதைச் சொல்லுங்க

பெரியப்பா: வெள்ளாற்றுப் பக்கமும் சின்னவாய்க்கால் பக்கமும் ஏறிவருகிற தண்ணீர் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும். நிற்கிற இடத்தில் சேறு படியும். அங்கே இன்ஜினைத் தூக்கிவிட்டுக் கழியால் தள்ளு. கரையை ஒட்டாதே, சுரபுன்னை மரத்து வேர் இன்ஜின் விசிறியைப் பிடித்துக்கொள்ளும். குறுக்கே வலை கட்டியிருப்பார்கள். அறுத்தால் பஞ்சாயத்து நம் வீட்டுக்கு வரும், 98ல் வந்த மாதிரி.

முருகன் சித்தப்பா: அந்த வலையை நான் அறுக்கலை

கவிதா: யாரும் உங்களைச் சொல்லலியே

குட்டி: கழி இல்லை. படகோடு கொடுக்கலை

செல்வி அத்தை: கழி இல்லாமயா காசு கொடுத்தே?

பெரியப்பா: தோட்டத்தில் மூங்கில் இருக்கிறது. காலையில் வெட்டி எடுத்துப் போ.

குட்டி: பெரியப்பா, நான் இப்போ பரங்கிப்பேட்டையில் இருக்கேன்

முருகன் சித்தப்பா: பெட்ரோல் எவ்வளவு இருக்கு?

குட்டி: 10 லிட்டர்

முருகன் சித்தப்பா: பத்தாது. தட்டிட்டு நின்னா ரிவர்ஸ்லயே பாதி போயிடும். கேன் கொண்டு வர்றேன். மூங்கிலும்

குட்டி: அப்போ நீங்க வர்றீங்களா சித்தப்பா?

முருகன் சித்தப்பா: கேன் கொண்டு வர்றேன்னு சொன்னேன்

செல்வி அத்தை: நண்டு உயிரோட இருக்கான்னு பார்த்து வாங்கு