புதுப்பிப்பு: அம்மாவின் குரல் பதிவுகள்

அம்மா தவறியபின் அவருடைய வாட்ஸ்அப் குரல் பதிவுகளை எப்படிப் பத்திரப்படுத்துவது என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்தது.

உரையாடலை மீடியாவோடு ஏற்றுமதி செய்தேன். பதிவுகள் ஓபஸ் (.opus) என்ற வகை ஒலிக் கோப்புகளாக வந்தன. ஒரு பிரதி என் கணினியில், இன்னொன்று தங்கையிடம். இதே நிலையில் இருப்பவர்கள் தள்ளிப்போடாதீர்கள்: 120 நாள் பயன்பாட்டில் இல்லாத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக நீக்கப்பட்டுவிடும். கூகுள் கணக்குக்கு 2 ஆண்டு.

எடுத்தது சரி, கேட்கத்தான் தைரியம் வரவில்லை. மகள்தான் முதலில் போட்டாள். அம்மா எந்தப் பதிவையும் "கேக்குதா?" என்றுதான் ஆரம்பிப்பார், பதில் வரப்போகிறது என்பதுபோல ஒரு நொடி நிறுத்துவார். அந்த இடைவெளியில் இவள் "கேக்குது பாட்டி" என்றாள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை.

ஒரு பதிவு முழுக்க, பொத்தானை அணைக்க மறந்து, யாரையோ விளாசுகிறார். (நான்தான் என்று சந்தேகம்.) பேரப்பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பது அதைத்தான்.

அடுத்து பழைய புகைப்படங்கள். யார் யார் என்று பெரியம்மா அடையாளம் சொல்கிறார். அவர் பேசுவதையும் பதிவு செய்துகொண்டிருக்கிறேன்.