ஏரிக்கரை, பூங்கா, பள்ளி மைதானம்: எங்கள் நகர்க் குழுவில் ஒரு நாள் உரையாடல்

*மீனாட்சி (செயலாளர்), காலை 7:05*
அனைவருக்கும் வணக்கம். வரும் பகுதி சபைக் கூட்டத்தில் நம் நகரின் பூங்காக்கள், விளையாட்டிடம், ஏரிக்கரை நடைபாதை ஆகியவற்றுக்காக ஒரே மனுவைக் கொடுக்க நம் குடியிருப்போர் சங்கத்தின் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. இதுவரை ஊஞ்சலுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுத்து வந்தோம். இம்முறை அடுத்த இருபது ஆண்டுகளுக்கு நம் பகுதி எப்படி இருக்க வேண்டும் என்பதை எழுதிக் கொடுக்க விரும்புகிறோம். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026இல் முடிகிறது. அடுத்த திட்டம் 2046 வரைக்குமானது என்பதால், நாம் பேச வேண்டிய நேரம் இதுதான். உங்கள் கருத்துகளை இங்கேயே எழுதுங்கள்.

*சரோஜா அம்மா, காலை 7:22*
மீனாட்சி, நல்ல முயற்சி. என் வயதுக்காரர்களுக்கு வேண்டியது நிழலும், நடுவில் உட்கார ஓரிரு இருக்கைகளும்தான். இருக்கும் ஒரே பூங்காவில் சிறு வட்டத்தையே சுற்றிச் சுற்றி வருகிறோம். அங்கே போய்ச் சேர்வதற்குள் பிரதான சாலையில் லாரிகளுக்கும் பைக்குகளுக்கும் நடுவே நடக்க வேண்டியிருக்கிறது.

*இராமமூர்த்தி (ஓய்வுபெற்ற பொறியாளர்), காலை 7:48*
சரோஜா அம்மா சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. நம்மிடம் இடம் இல்லாமல் இல்லை. பழைய பூங்கா, அடுக்ககம் கட்டியவர்கள் மாநகராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்த ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம், ஏரிக்கரை, மாநகராட்சிப் பள்ளி மைதானம் என்று நான்கு இடங்கள் இருக்கின்றன. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குழந்தையைக் கைப்பிடித்து அழைத்துச் செல்ல வழியில்லை. ஏரி நிரம்பினால் நீர் வழியும் கலங்கலிலிருந்து இறங்கும் உபரிநீர்க் கால்வாய் ஐந்தாம் தெருவின் பின்புறமாக ஓடி, ஓ.எஸ்.ஆர். நிலத்தைத் தொட்டுக்கொண்டு பள்ளியின் பின்சுவர் வரை செல்கிறது. அதன் ஓரத்தை மரநிழல் உள்ள நடைபாதையாக்கினால் நான்கு இடங்களும் ஒரே வழியில் சேர்ந்துவிடும். மனுவின் முதல் கோரிக்கையாக இந்தத் தொடர்ச்சியே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கருவிகளும் அலங்காரமும் பின்னால் வரட்டும்.

*ஜோசப், காலை 8:10*
சார், பாதை நல்ல யோசனை. ஆனால் ஓ.எஸ்.ஆர். நிலத்தைப் பற்றி எனக்கு வேறு எண்ணம் உண்டு. நம் நகரில் ஏழைக் குடும்பங்கள் வளைகாப்பு, நிச்சயதார்த்தம் நடத்த ஒரு கூடம் கூட இல்லை. அந்த நிலத்தில் ஒரு சமுதாயக் கூடம் கட்டச் சொல்லிக் கேட்டால் என்ன?

*பாத்திமா (4ஆம் தெரு), காலை 8:41*
ஜோசப் அண்ணா, கூடத்தின் தேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலத்தில் அது கூடாது. 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுபவர்கள் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாகப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒப்படைத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான மனைகளில் நிலம் ஒதுக்க முடியாவிட்டால், வழிகாட்டி மதிப்புப்படி பணமாகச் செலுத்த இடமுண்டு. நமக்குக் கிடைத்திருப்பது நிலமாகவே என்பது பெரிய பேறு. பெங்களூரில் பூங்காவுக்காக ஒதுக்கிய மனையைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது, அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவமனை நல்ல காரியம் என்பதற்காகப் பூங்காவைக் கொடுத்துவிட முடியாது என்பதும், குடியிருப்போருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு என்பதும் அந்த வழக்கில் உறுதியாயின. நாமே கூடம் கேட்டுவிட்டால், நாளைக்கு வேறொருவர் அங்கே வேறொன்று கட்ட வரும்போது எந்த முகத்தோடு எதிர்ப்போம்?

*ஜோசப், காலை 8:55*
விளங்கியது, பாத்திமா. கூடத்துக்குப் பழைய குடிநீர்த் தொட்டி இருந்த இடத்தைத் தனியாகக் கேட்போம்.

*அருள், காலை 9:15*
மீனாட்சி அக்கா, எங்களுக்கு ஓட இடம் வேண்டும். பூங்காவில் பந்தைத் தொட்டாலே காவலாளி துரத்துகிறார், தெருவில் ஆடினால் கார் கண்ணாடிக்குப் பயம். பள்ளி மைதானம் மாலையானால் பூட்டியே கிடக்கிறது. அதை மாலை வேளையிலும் விடுமுறை நாள்களிலும் திறந்துவிட்டால் போதும். என் தங்கையும் அவள் தோழிகளும் கைப்பந்து ஆட விரும்புகிறார்கள். பையன்களே மைதானம் முழுவதையும் எடுத்துக்கொள்ளாதபடி அவர்களுக்கென்று நேரம் ஒதுக்க வேண்டும் என்பதையும் மனுவில் எழுதுங்கள்.

*மீனாட்சி (செயலாளர்), காலை 9:30*
உன் தங்கையையும் கூட்டத்துக்கு அழைத்து வா, அருள். அவளே எழுந்து சொன்னால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

*கவிதா (7ஆம் தெரு), காலை 10:20*
என் மகன் சக்கர நாற்காலியில் இருப்பது உங்களுக்குத் தெரியும். பைக்குகள் நுழையாமலிருக்கப் பூங்கா வாசலில் வைத்திருக்கும் வளைவுக் கம்பி அவனையும் சேர்த்தே தடுத்துவிடுகிறது. பாதையின் அகலம் எங்கும் 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது என்று எழுதுங்கள். இந்தியச் சாலைக் காங்கிரசின் நெறிமுறையிலும் அதுவே குறைந்தபட்ச அளவு. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தாலும் கடந்து செல்லலாம். மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்கான மரப்பாதை திறந்தபோது, கடலலையைப் பக்கத்தில் பார்த்தவர்களின் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை எல்லோரும் கண்டோம். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமடைந்தாலும் மீண்டும் சரிசெய்து கொடுத்தார்கள். கேட்டால் நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அதனால்தான் வந்தது. பெண்களுக்கான கழிப்பறையையும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாத பூங்காவில் எங்களால் வெகுநேரம் இருக்க முடிவதில்லை.

*இராமமூர்த்தி (ஓய்வுபெற்ற பொறியாளர்), காலை 11:05*
கவிதா சொன்ன அளவை அப்படியே சேர்க்கிறேன். ஏரிக்கரையைப் பற்றியும் சில செய்திகளைச் சொல்ல வேண்டும். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், இருந்த ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பில் வருபவை, நம் ஏரியும் அவற்றில் ஒன்று. ஆகவே மாநகராட்சி மட்டும் ஒப்புக்கொண்டால் போதாது, அத்துறையின் அனுமதியும் வேண்டும். மதகையும் கலங்கலையும் எந்தக் கட்டுமானமும் மறைக்கக் கூடாது. கரை உடைந்தால் மண் கொண்டுவர வண்டி செல்லும் வழி இருக்க வேண்டும். கான்கிரீட் வேண்டாம், கெட்டிப்படுத்திய கிராவல் மண்ணே போதும். கரையின் சரிவில் பெருமரங்கள் நடுவதும் ஆபத்து, ஏனெனில் மரம் பட்டுப்போய் வேர் மக்கும்போது அந்தத் துளை வழியாக நீர் கசியத் தொடங்கும். பனை அப்படியல்ல, அதன் சல்லி வேர்கள் மண்ணை இறுகப் பிடித்துக்கொள்ளும். நம் முன்னோர் கரைதோறும் பனை வைத்தது காரணமில்லாமல் அல்ல. நிழலுக்கு வேண்டிய புங்கன், பூவரசு, நீர்மருது, மகிழம் எல்லாம் கால்வாய் ஓரத்தில் வரட்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது, அழகுக்காக வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்த மரங்கள் எப்படிச் சாய்ந்தன என்பதைப் பார்த்தவர்கள் நாம். விரைவாக வளரும் என்று யாராவது கோனோகார்ப்பஸ் கன்றுகளைக் கொண்டு வந்தால் வாங்காதீர்கள், தமிழக அரசே அதற்குத் தடை விதித்திருக்கிறது.

*பாத்திமா (4ஆம் தெரு), காலை 11:30*
ஓ.எஸ்.ஆர். நிலம் 2015 வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் முதலில் நீர் தேங்கிய இடம். அதை மண் கொட்டி மேடாக்கிப் புல்தரை போட்டால் அந்த நீர் நம் வீடுகளுக்குத்தான் வரும். சென்னை மாநகராட்சி சில பூங்காக்களில் நடுவே குளம் வெட்டி மழைநீரை உறிஞ்சவிடுகிறது. இங்கேயும் அப்படித் தாழ்வான குளமும் சுற்றிலும் மேடான பாதையுமாக அமைக்கக் கேட்கலாம்.

*சரோஜா அம்மா, பகல் 12:15*
குளம் இருக்கட்டும் அம்மா, குழந்தைகள் விழாதபடி சரிவாக வெட்டச் சொல். விளக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஏரியில் முக்குளிப்பானும் நாமக்கோழியும் இன்னும் தங்குகின்றன. கோபுர விளக்கு வைத்து இரவைப் பகலாக்கிவிட வேண்டாம். பாதையில் மட்டும் ஒளி விழும்படி தாழ்வான விளக்குகள் இருந்தால் எங்களுக்கும் பயம் இராது, பறவைகளுக்கும் தொல்லை இராது.

*கவிதா (7ஆம் தெரு), பகல் 12:40*
கால்வாய் ஓரமாகக் குடிசை போட்டிருக்கும் குடும்பங்களை என்ன செய்வது? அதையும் இன்றே பேசிவிட வேண்டும்.

*மீனாட்சி (செயலாளர்), பகல் 1:10*
நல்ல வேளையாகக் கேட்டாய், கவிதா. அவர்கள் பிள்ளைகளும் அதே பள்ளியில்தான் படிக்கிறார்கள். நம் நடைபயிற்சிக்காக அவர்களைத் தொலைதூரத்துக்கு அனுப்பும் திட்டத்தில் சங்கத்தின் பெயர் இருக்கக் கூடாது. மனுவை இறுதி செய்யுமுன் அவர்களையும் உட்கார வைத்துப் பேசுவோம். அந்த இடத்தில் பாதை எதிர்க்கரை வழியாகச் செல்ல முடியுமா என்று சார் பார்த்துச் சொல்லட்டும்.

*இராமமூர்த்தி (ஓய்வுபெற்ற பொறியாளர்), பகல் 1:25*
முடியும். ஒரு சிறு நடைபாலம் கூடுதலாக வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் கால்வாயின் எல்லை எங்கே என்பது தெரியாமல் எதையும் வரைய முடியாது. நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தின் நகலைப் பெற்று, நில அளவரைக் கொண்டு அளந்து கல் நட வேண்டும் என்பதை மனுவின் தொடக்கத்திலேயே எழுதுவோம்.

*ஜோசப், பகல் 1:40*
புலப்பட நகலுக்கு நான் நாளைக்கே விண்ணப்பிக்கிறேன், சார். ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கலங்கல் அருகே வாருங்கள், அளவு நாடா கொண்டு வருகிறேன். அருள், நீயும் நண்பர்களோடு வந்துவிடு.

*அருள், பகல் 1:44*
வருகிறோம், அண்ணா. கவிதா அக்கா, தம்பியையும் அழைத்து வாருங்கள். எந்த இடத்தில் சக்கரம் ஏறவில்லை என்று அவனோடு போய்ப் பார்த்துக் குறித்துக்கொள்கிறோம்.